கோணல் வளையம்

ஷெரினுடைய கணுக்கால் ஒரு தடவை பிசகினால் போதும். எலும்பெல்லாம் முறிய வேண்டாம், நாலு நாள் வீங்கிக் கிடந்து பிறகு சரியாகிவிடுகிற மாதிரி ஒரு சின்னப் பிசகு, அவ்வளவுதான் ஈஸ்வரி கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஊரில் என்றால் இந்த மாதிரிக் காரியத்துக்குக் கேட்க அய்யனார் இருந்தார், சென்னையில் இந்த உள்ளரங்கத்தில் மேலே பார்த்தால் விளக்கும் தகரக் கூரையும்தான் இருந்தன. ஷெரின் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் கேப்டன். அவள் கணுக்கால் மாவு பிசைந்து செய்தது போல உருண்டு திரண்டு இருந்தது, பிசகுகிற ஜாதிக் கணுக்கால் இல்லை அது. கடைசிக் குவார்ட்டர் ஆரம்பித்துவிட்டது, பயிற்சியாளர் வரதராஜ் சார் கைகளைக் கட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்கிறார், பெஞ்சின் கடைசியில், தண்ணீர் பாட்டில் பெட்டிக்குப் பக்கத்தில், ஈஸ்வரி உட்கார்ந்திருக்கிறாள். தொடர் முழுக்க அங்கேயேதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஷூ லேஸை இழுத்து இழுத்துக் கட்டி, கால் மரத்துப்போய், அவிழ்த்து மறுபடி கட்டினாள். காலையில் இட்லி சாப்பிடும்போது சார் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதுபோல அவள் தட்டைப் பார்த்துச் சொன்னார், இந்தத் தொடரில் ஒரு நிமிஷம்கூடக் களத்தில் இறங்காதவர்கள் அடுத்த வருஷம் அணியில் இருக்க மாட்டார்கள் என்று. அணியில் இல்லையென்றால் ஹாஸ்டல் இல்லை, ஹாஸ்டல் இல்லையென்றால் கல்லூரி இல்லை. இறக்காதே என்று அவரிடம் யார் சொன்னார்கள்? இறக்க வேண்டியவரே இறங்காதவர்கள் என்கிறார், ஏதோ அவர்களாகப் பார்த்துக் கிணற்றில் இறங்குவதுபோல. இதுதான் கடைசி ஆட்டம். இன்றைக்கு இறங்கவில்லையென்றால் இல்லை. எதிரே மஞ்சள் சட்டையில் ஓடுவது யார் என்றால், அவள் போன வருஷம் வரை ஆடிய மலையடிக் கல்லூரிதான். அவளுடைய ஒன்பதாம் எண் சட்டையை யாரோ ஒரு பொடிப்பெண் மாட்டிக்கொண்டிருக்கிறாள், தோள் தொங்கலாட்டம் போடுகிறது. அந்தப் பொடிப்பெண் கொஞ்சம் முன்னால் தூரத்திலிருந்து எறிந்த பந்து ஒன்று வளையத்தைத் தொடாமல் சொத்தென்று உள்ளே விழுந்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்று ஈஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

மஞ்சள் சட்டையில் பாண்டிமீனா ஓடுகிறாள். அவள் பந்தைத் தட்டிக்கொண்டு வருவதைப் பார்க்காதே என்று ஈஸ்வரி தன் கண்ணுக்குச் சொல்கிறாள், கண் கேட்டால்தானே. எட்டாம் வகுப்பிலிருந்து அந்த ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓடிய கண். இப்போது இடது பக்கம் திரும்புவாள் என்று மனம் சொல்லும், திரும்புவாள், பந்தை முதுகுக்குப் பின்னால் விடுவாள் என்று சொல்லும், விடுவாள். அந்தப் பந்து வந்து சேர வேண்டிய கை இங்கே பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறது. சென்னைப் பிள்ளைகள் ஐந்து பேரும் மாறி மாறித் துரத்தியும் இன்றைக்குப் பாண்டிமீனாவை ஒருத்தியாலும் தொட முடியவில்லை. தொட்டால்தானே ஃபவுல், ஃபவுல் என்றால்தானே ஃப்ரீ த்ரோ, தடுக்க ஆளில்லாமல் கோட்டில் நின்று போடுகிற இரண்டு பந்து. ஃப்ரீ த்ரோ கோட்டில் அவளை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இந்த அரங்கத்தில் ஈஸ்வரி ஒருத்திக்குத்தான் தெரியும். அதை நினைக்காதே. நினைக்கவில்லை. மலையடிக் கல்லூரியின் சிமெண்ட் தரை ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான், மதிய வெயிலில் ஷூவுக்குள்ளே காலைச் சுட்ட சிமெண்ட் தரை. அதில் ஒரு பாதியில் பேராசிரியர்களின் ஸ்கூட்டர்கள் நிற்கும், மறு பாதியில்தான் பயிற்சி. அந்த மறுபாதி வளையம் கோணல். கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட வந்தவர்கள் அதில் கயிற்றைக் கட்டி இழுத்ததில் வலது பக்கம் தாழ்ந்துபோனது, அப்படியே விட்டுவிட்டார்கள். நடுவில் போட்டால் பந்து வலப்பக்கம் வழிந்து வெளியே போகும், இடது ஓரத்தில் தட்டினால் மெல்ல உருண்டு உள்ளே சரியும். அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் கை அந்த இடது ஓரத்தில்தான் பழகியது. ஆடி மாதம் போட்டிக்கு வருகிற, ஊரின் இன்னொரு கல்லூரியான ஸ்டேஷன் கல்லூரிக்காரிகள் அந்த வளையத்தில் போட்டுப் போட்டுத் தோற்றுப்போவார்கள், "நேரான ரிங்குல போட்டுக் காட்டுங்கடி பாப்போம்" என்று கத்துவார்கள், உடற்பயிற்சி ஆசிரியை கிரேஸ் மிஸ் குடையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் காதில் விழாதவர் போல நிற்பார். ஊருக்கே அது திருவிழா. ஜெயித்த கல்லூரி ஒரு காற்றுப்போன பந்தை வேப்பங்குலையோடு கட்டித் தோற்ற கல்லூரியின் கேட்டில் தொங்கவிட வேண்டும், அது வழக்கம், பிரின்ஸிபாலே வந்தாலும் ஒரு வாரத்துக்கு அவிழ்க்கக் கூடாது. ஸ்டேஷன் கல்லூரி கேட்டில் இரண்டு வருஷம் அந்தப் பந்தைக் கட்டியது ஈஸ்வரியும் பாண்டிமீனாவும்தான். ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறிக் கட்டினார்கள். தோள் கொடுத்தது பாண்டிமீனா.

தோள் கொடுத்தாளாம், பெரிய தியாகி. ஈஸ்வரிக்கு இந்த இடத்தில் மனம் எப்போதும் ஒரு ஆணியில் மாட்டிக்கொள்ளும், இன்றைக்கும் மாட்டிக்கொண்டது. சென்னையிலிருந்து வரதராஜ் சார் போன் செய்த அன்றைக்குச் சாயங்காலம் ஸ்கூட்டர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் கொய்யா தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளரங்கம், மரத்தரை, ஹாஸ்டலில் தினமும் முட்டை, நேஷனல்ஸ் என்று ஈஸ்வரி மூச்சு விடாமல் சொன்னாள். படித்த இரண்டு வருஷத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி முதல் வருஷத்தில் சேர வேண்டும், ஆடி மாதப் போட்டிக்கு முன்னாலேயே போக வேண்டும் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னாள். "என்னையக் கூப்புட்டுருக்காகடி, நம்ம ஊர்ல வேற யாரையும் இல்ல, என்னைய" என்று சொன்னாள். ஐயோ, அந்த வார்த்தையை அப்படியே சொன்னாள், வேற யாரையும் இல்ல என்று. பாண்டிமீனா கொய்யாவைக் கடித்தபடியே, "போ புள்ள, போயி நல்லா வெளாடு, ஊரு வாயப் பாக்காத" என்றாள். விதையைத் துப்பினாள். அவ்வளவுதான். பொறாமை என்று ஈஸ்வரி அன்று நினைத்தாள், பாவம் வயிறு எரிகிறது என்று உள்ளுக்குள்ளே கொஞ்சம் தித்திப்பாகக்கூட இருந்தது. பிறகு சென்னைக்கு வந்து, பெஞ்சு பழகி, எல்லாரும் அவளைப் பேர் சொல்லாமல் "தேனி" என்று மாவட்டத்தைச் சொல்லியே கூப்பிடப் பழகி, ஒருநாள் துணி காயப்போடும்போது ஷெரின் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "உன்னை எதுக்கு எடுத்தாங்கன்னு நெனைக்கிற தேனி? போன வருஷம் நீங்க ரெண்டு பேரும் எங்களை அலற வுட்டீங்க. ரெண்டுல ஒண்ண தூக்கிட்டா அந்த டீம் முடிஞ்சுது. அதான் தூக்கினாரு. நீ இங்க ஆடணும்னு அவசியமே இல்ல, அங்க ஆடாம இருந்தா போதும்." துணிக்குக் கிளிப் மாட்டிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "ஃபர்ஸ்ட்டு அந்தப் பாண்டிமீனாவைத்தான் சார் கேட்டாரு. அவ வரலைன்னுட்டா." அன்றைக்கு ஈஸ்வரி காயப்போட்ட துணியையே மறுபடி பக்கெட்டில் எடுத்து அலசினாள். முதலில் அவளைத்தான் கேட்டார்கள். கொய்யா தின்னும்போது அவளுக்குத் தெரியும். வேற யாரையும் இல்ல என்று இவள் சொல்லச் சொல்ல, தெரிந்துகொண்டே விதையைத் துப்பினாள். சிரித்திருந்தாலாவது, ஏய் பைத்தியம் என்னையத்தான்டி மொதல்ல கேட்டாக என்று சொல்லியிருந்தாலாவது தேவலை. அவள் ஒதுக்கித் தள்ளிய சோற்றை இவள் விருந்து என்று அள்ளித் தின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி பாட்டில் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

இங்கே வந்த முதல் நாள் சார் அவளை ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்திப் போடச் சொன்னார். போட்டாள். இடது ஓரத்தில் பட்டு வெளியே. மறுபடி போட்டாள், மறுபடியும் இடது ஓரம், வெளியே. நேரான வளையம், ஆணி அடித்தது மாதிரி நேராக நிற்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கை ஊருக்குப் போய்விடுகிறது. பத்துப் பந்தும் ஒரே இடத்தில் பட்டு ஒரே பக்கம் தெறித்ததைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் வியந்தார்கள், பிறகு சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை, தன் நோட்டம் பொய்யாகிவிட்ட மாட்டுத் தரகர் போல அவளை மேலும் கீழும் பார்த்தார், அது இன்னும் மோசம். அன்று ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து பாண்டிமீனாவுக்குப் போன் போட்டு அழுதாள். "எல்லாம் எடது பக்கமே போகுதுடி, நம்ம ரிங்குடி, நம்ம ரிங்கு என்னையக் கெடுத்துருச்சுடி" என்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அந்தப் பக்கம் பாண்டிமீனா கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள். அடுத்த வாரம் ஆடிப் போட்டி. ஈஸ்வரி இல்லாத மலையடிக் கல்லூரி தோற்றுப்போனது, கேட்டில் காற்றுப்போன பந்து தொங்கியது, அதைப் படம் எடுத்து அனுப்பியது ஒரு ஸ்டேஷன் கல்லூரிக்காரி, கீழே சிரிக்கிற பொம்மை முகம் வேறு. அதற்குப் பிறகு பாண்டிமீனா கூப்பிட்டபோதெல்லாம் ஈஸ்வரி போனைக் கவிழ்த்து வைத்தாள். என்ன சொல்லப் போகிறாள், திட்டப் போகிறாள், திட்டாவிட்டால் அது அதைவிடக் கொடுமை. ஊருக்குத் திரும்பிப் போவது என்பது நடக்காத காரியம். தெருமுனையில் மாமா கட்டிய ஃப்ளெக்ஸ் இன்னும் இருக்கிறதாம், சென்னைக் கல்லூரி அணிக்குத் தேர்வான எங்கள் தெருவின் செல்வமே வருக வருக என்று, மழையில் வெளுத்து அவள் மூக்கு மட்டும் போய்விட்டதாக அம்மா சொன்னாள். மூக்கில்லாத அந்த முகத்துக்குக் கீழே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர்கள் குளிக்கப் போன பிறகும் நின்று போட்டுப் போட்டு, மாதக்கணக்கில் கையை நேராக்கினாள். இப்போது நேராகத்தான் விழுகிறது. பயம் வராதவரை நேராக விழுகிறது. பாண்டிமீனாவுக்கு அப்படி நேராக்க யார் இருக்கிறார்கள்? அந்தக் கோணலில்தானே இன்னும் போட்டுக்கொண்டிருப்பாள்.

விசில். சார் டைம் அவுட் கேட்டுவிட்டார். பலகையைப் பார்த்தாள், மலையடிக் கல்லூரி ஒரு புள்ளி முன்னால். எப்போது இப்படி ஆனது? பந்து அவர்களிடம், ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான், அவர்கள் பந்தை வைத்துக்கொண்டு சும்மா சுற்றினாலே போதும். ஷெரினும் மற்றவர்களும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சூழ்ந்தார்கள், வியர்வை ஈஸ்வரியின் முழங்காலில் சொட்டியது. "ஃபவுல் போட்டுத்தான் நிறுத்தணும், ஃப்ரீ த்ரோ வெளிய போனா பந்து நமக்கு" என்கிறார் சார். "யாரைப் போடுறது? எவ ஃப்ரீ த்ரோவைக் கோட்டை விடுவா? எல்லாரும் நாலு நாலு ஃபவுல் வெச்சிருக்கீங்க, இன்னொண்ணு போட்டா வெளிய போவீங்க." ஒருத்திக்கும் தெரியவில்லை. ஈஸ்வரிக்குத் தெரியும். சொல்லாதே. சொன்னால் என்ன, இது என்ன ரகசியமா, ஸ்டேஷன் கல்லூரிக்காரிகள் ஊர் முழுக்கக் கத்தியதுதானே. சொல்லாதே. நீ தோளில் ஏறி நின்றாய். அவள் ஒதுக்கித் தள்ளியதைத்தான் நீ தின்றாய். சார் வேறு பக்கம் திரும்பப் போகிறார், திரும்பிவிட்டால் போச்சு, பெட்டி, பஸ், ஃப்ளெக்ஸ், மூக்கு. "சார்" என்றாள். குரல் தண்ணீர்ப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "பாண்டிமீனாவப் போடுங்க சார். கோணல் ரிங்குல பழகுனவ. களைச்சுட்டா கை எடது ஓரத்துக்குத்தேன் போகும். ரெண்டும் வெளிய போயிரும்." சொல்லிவிட்டாள். சொன்னது ஒன்றும் கசக்கவில்லை, அதுதான் ஆச்சரியம், வாய் காலியானது மாதிரி லேசாக இருந்தது. சார் அவளையே பார்த்தார். முதல் நாள் பத்துப் பந்தும் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும், முகம் மெதுவாக மலர்ந்தது. "அட" என்றார். பிறகு, இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, "ஈஸ்வரி" என்றார். "உன்கிட்ட அஞ்சு ஃபவுல் அப்படியே புத்தம் புதுசா இருக்கேம்மா. வா. போய் நீயே போடு. பந்தைத் தட்டப் போற மாதிரி போடணும், தெரிஞ்சுதா?" ஷெரின் வழிவிட்டாள். முதுகில் தட்டினாள்கூட. கால் நிமிஷத்துக்கு ஈஸ்வரியைப் போலச் சந்தோஷமான ஆள் இந்த ஊரில் இல்லை.

மரத்தரை காலுக்குக் கீழே கிறீச்சென்றது. இறங்கிவிட்டாள், இனி யாரும் அவளை இறங்காதவள் என்று சொல்ல முடியாது, இப்போதே விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டால்கூட நல்லது. மஞ்சள் சட்டைகள் அவளைப் பார்த்தன. அந்தப் பக்கப் பெஞ்சில் கிரேஸ் மிஸ் கையைத் தூக்கி, போட்டியை மறந்து, பழைய பழக்கத்தில் அசைத்தார். ஈஸ்வரி பார்க்காத மாதிரி இருந்தாள். பந்து பாண்டிமீனாவிடம் வந்தது, இடது பக்கம் திரும்புவாள், திரும்பினாள், ஈஸ்வரி அங்கே முன்கூட்டியே நின்றாள். சென்னைப் பிள்ளைகளால் சாயங்காலம் முழுக்க முடியாதது இவளுக்கு ஒரே எட்டில் முடிந்தது. பந்தைத் தட்டுவதுபோலக் கையை விட்டு மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள், வேண்டியதைவிடக் கொஞ்சம் ஓங்கியே அடித்தாள், கொய்யாவுக்காக. விசில். பாண்டிமீனா கையை உதறிக்கொண்டே கோட்டுக்கு வந்தாள். ஈஸ்வரி பக்கத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த அதே வாசனை. "என்ன புள்ள, எளச்சுட்ட" என்றாள் பாண்டிமீனா. ஈஸ்வரி வளையத்தைப் பார்த்தாள். நடுவர் பந்தைக் கொடுத்தார். பாண்டிமீனா இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போட்டாள், பந்து நடுவிலேயே, எந்த ஓரத்தையும் தொடாமல் உள்ளே போனது. ஈஸ்வரிக்குக் காதுக்குள் என்னவோ இரைந்தது. பாண்டிமீனா திரும்பிப் பார்த்தாள். இவள் எதற்காகக் களத்தில் இறக்கப்பட்டாள், அந்த டைம் அவுட்டில் என்ன பேசினார்கள், எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவளுக்குப் புரிந்துபோனது. கோபப்படவில்லை. மெதுவாக, இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நீ அன்னைக்கு அழுதேல்ல, மறுநாளே மிஸ்ஸுகிட்டச் சொல்லி வெல்டிங்கார அண்ணனக் கூட்டியாந்து ரிங்க நிமித்திட்டோம்டி. இனி எந்தப் புள்ளையும் போற எடத்துல அப்புடி அழக் கூடாதுன்னுதேன். ஆடிப் போட்டியில நேர் ரிங்கு எங்களுக்கே பழகல, தோத்துட்டோம். அதச் சொல்லத்தேன் போன் போட்டேன். நீ எடுக்கல." இரண்டாவது பந்தும் நடுவில் விழுந்தது.

இப்போது மூன்று புள்ளி பின்னால். சார் கோட்டோரம் தலையில் அடித்துக்கொண்டு கத்துகிறார், யாரை என்று பார்க்கத் தைரியமில்லை. பந்து வெளியிலிருந்து உள்ளே வந்தது, ஷெரினைச் சுற்றி இரண்டு மஞ்சள் சட்டை, ஷெரின் வேறு வழியில்லாமல் பந்தைத் தள்ளினாள், அது ஈஸ்வரியின் கையில் வந்து உட்கார்ந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே தனியாக நிற்கிறாள். போட்டால் சமன். அந்த ஒன்பதாம் எண் பொடிப்பெண் அவளைத் தடுக்க ஓடிவந்தாள், அப்போது பின்னாலிருந்து பாண்டிமீனாவின் குரல், கடுமையில்லாத, விளையாட்டில் கணக்குப் பார்த்துச் சொல்கிற குரல், "அவள விட்ருடி, போடட்டும். அவ கை இன்னும் பழைய ரிங்குலதேன் இருக்கு." பொடிப்பெண் அப்படியே நின்றுவிட்டாள். கையைக்கூடத் தூக்கவில்லை. ஈஸ்வரிக்கு முன்னால் ஒருவரும் இல்லை, வளையம் இருந்தது, நேராக, கண்ணாடிப் பலகையில் ஆடாமல் அசையாமல். நடுவைப் பார், இத்தனை மாதம் போட்டாயே, நடுவைப் பார். நடுவைத்தான் பார்த்தாள். தரை காலைச் சுட்டது, ஸ்கூட்டர் சீட்டில் வெயில் அடித்தது, கை ஊருக்குப் போய்விட்டது. பந்து விரலை விட்ட அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இடது ஓரத்தில் பட்டுத் தெறித்து வந்ததைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பந்தைப் பிடித்தது பாண்டிமீனா. பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டாள். "ஃபவுல் போடு! தேனி! ஏ தேனி! ஃபவுல்!" என்று சார் கத்தினார். அவளிடம் இன்னும் நாலு ஃபவுல் மீதி இருந்தது, அதற்குத்தானே அவளை இறக்கினார். ஈஸ்வரி கையை நீட்டிக்கொண்டு அந்த மஞ்சள் முதுகைப் பிடிக்க ஓடினாள்.